வேகத்தைத்தான் குறைத்தேன்

அலாரம் அடித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். கடைக்காரர் நாலைந்து விதமாகப் போட்டுக் காட்டினார். கோயில் மணி போல ஒன்று, பறவை கத்துவது போல ஒன்று. நான் காதைக் கிழிக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஆபத்து என்றால் ஆபத்து மாதிரி கேட்க வேண்டும் அல்லவா.

கண்ட்ரோல் அறையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பம்ப்புகளைக் கவனிக்கிறவர் டீயைக் கீபோர்டில் கொட்டினார். வரவேற்பில் இருக்கும் பெண் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள். சுவரில் இருந்த பெரிய திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: 'அனுமதி மறுக்கப்பட்டது. கேட்டவர்: நெட்வொர்க் தலைமைப் பொறியாளர்.' அது நான். அறை முழுவதும் என் பக்கம் திரும்பியது.

"நான்தாம்ப்பா. ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார்கள். நான் சொன்னால் உட்காருவார்கள், அந்த மரியாதை எனக்கு அங்கே உண்டு. உண்டு என்பதா, இருந்தது என்பதா என்று நீங்கள் மூவரும்தான் முடிவு செய்ய வேண்டும். விசாரணைக் குழு என்றதும் ஏதோ இருட்டறை, தலைக்கு மேல் ஒற்றை பல்பு என்று கற்பனை செய்துகொண்டு வந்தேன். நீங்கள் பிஸ்கட் எல்லாம் வைத்திருக்கிறீர்கள். ஜன்னலைத் திறந்து விட்டிருக்கிறீர்கள். சௌகரியமாக இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நம் கம்பெனி ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப்புகளைப் பராமரிக்கிறது. பம்ப்புகள் ஒரே இடத்தில் இல்லை. ஆற்றங்கரையில் ஒன்று, மேட்டில் ஒன்று, தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒன்று என்று சிதறிக் கிடக்கின்றன. ஏதாவது ஒன்று மக்கர் பண்ணினால் பொறியாளர் வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதற்குள் போய்ச் சரிசெய்யலாம். அப்படிப் போகிற வழி எது, அதில் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று முடிவு செய்வதுதான் என் வேலை. சொல்லப்போனால் வாட்ச்மேன் வேலைதான். தொப்பி கிடையாது, அவ்வளவே.

போன வருஷம் மேலாளர் ஒரு கூட்டம் போட்டார். எந்த வழி பத்திரமானது என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி விளக்கச் சொன்னார். கணக்குப் பிரிவுத் தலைவரும் வந்திருந்தார். அவருக்கு கம்ப்யூட்டர் என்றால் கொஞ்சம் பெரிய கால்குலேட்டர். அதனால் வீட்டை வைத்துச் சொன்னேன்.

"முதல் வழி, தெருவப் பாத்த வாசக்கதவுல ஒரு பூட்டு மட்டும் போட்டு விட்டுர்றது. இன்டர்நெட்லேருந்து நேரா பம்ப்புக்குள்ள. பாஸ்வேர்டு தெரிஞ்சவன் எவன் வேணா வரலாம். தெரியாதவன் நாள் பூரா உக்காந்து பூட்டை ஆட்டிப் பாக்கலாம்."

"கேக்கவே பயமா இருக்கே. எந்த முட்டாள் இப்படி வச்சிருப்பான்?" என்றார் மேலாளர்.

"நாமதான் சார். ஆத்தங்கரை பம்ப்புல."

அவர் தண்ணீர் குடித்தார்.

இரண்டாவது வழி வி.பி.என். அது சுரங்கப்பாதை மாதிரி. வெளியே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு தடவை உள்ளே நுழைந்துவிட்டால் சமையலறை, படுக்கையறை, அலமாரி என்று எங்கு வேண்டுமானாலும் உலாவலாம். பெரும்பாலும் அதைத்தான் பல வருஷமாக வைத்திருந்தோம். மூன்றாவது வழிதான் நான் கேட்டது. வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் தனிப் பூட்டு. ஒவ்வொரு முறையும் நீ யார், எந்தக் கருவியிலிருந்து வருகிறாய், எந்த அறைக்கு, என்ன காரணம் என்று கேட்கும். காரணம் சொன்னாலும் போதாது. இன்னொருவர் தன் போனில் 'சரி' என்று அமுக்க வேண்டும். அவர் 'மறுப்பு' அமுக்கினால் அலாரம்.

"அப்ப பாத்ரூம் போகக்கூட உங்ககிட்ட அனுமதி கேக்கணுமா?" என்றார் கணக்குப் பிரிவுத் தலைவர்.

"என்கிட்டயும் கேக்கணும், இன்னொருத்தர்கிட்டயும் கேக்கணும் சார்."

"அதுக்குள்ள காரியமே முடிஞ்சுருமே."

சிரித்தார்கள். ஆனால் என் வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதைச் சொல்லக் காரணம், மூன்றில் எதை நான் சிபாரிசு செய்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். சுரங்கப்பாதையே போதும் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் தொழிலில் நான் யாருக்கும் ஓட்டை வழியைக் கை காட்டியதில்லை. இதையும் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

இனி வீட்டு விஷயம்.

எங்கள் வீட்டில் நான், என் கணவர், என் தம்பி, மூன்று பேர். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பகல் முழுக்க அடுத்தவர் ஓட்டுகிற காரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து யார் எந்தக் கம்பத்தில் இடித்தார்கள் என்று நடித்துக் காட்டுவார். தம்பி மாடியில் இருக்கிறான். படிக்கட்டு வரைகிறவன். கட்டடம் முழுவதையும் அல்ல, படிக்கட்டு மட்டும். வளைந்து ஏறுவது, தொங்குவது, ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு போவது என்று விதவிதமாகக் கம்ப்யூட்டரில் வரைவான். அம்மாவும் அப்பாவும் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாமே நான்தான். இதை நான் சொல்லவில்லை, அவனே பலரிடம் சொல்லியிருக்கிறான்.

அவசரத்துக்கு வீட்டிலிருந்தும் பம்ப்புகளைப் பார்க்க வேண்டியிருந்ததால் எங்கள் வீட்டு ரவுட்டரைக் கம்பெனி இணைப்பில் சேர்த்திருந்தோம். மேலாளரே கையெழுத்துப் போட்ட ஏற்பாடு. வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போகிற வழி, ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியும்தானே. தம்பியின் கம்ப்யூட்டருக்குள் போகிற வழியை அவனேதான் திறந்து கொடுத்தான். ஏதாவது ஒன்று ஓடவில்லை என்றால் போன் பண்ணுவான். "அக்கா, கேமரா தெரியல. நீயே உள்ள வந்து பாரேன்." நான் போவேன். ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு சொல்வது அவனுக்குச் சலிப்பு. "எப்பவும் திறந்தே இருக்கட்டும்க்கா, உனக்கென்ன" என்றான். ஆகவே அத்துமீறி நுழைந்தேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். அவனுக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுடன் வீடியோவில் இன்டர்வியூ. கேமராவைச் சரிசெய்து கொடுத்தேன். சரிசெய்த பிறகு இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் பேசுவது ஆபீஸில் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அழகாகப் பேசுவான் என் தம்பி. படிக்கட்டைப் பற்றிப் பேசினால் கேட்கிறவருக்கு ஏறிப் பார்க்கத் தோன்றும். அவர்களுக்கும் பிடித்துப்போய்விட்டது. குடும்பத்தை விட்டு இவ்வளவு தூரம் வர முடியுமா என்று கேட்டார்கள்.

"எனக்கு இங்க அப்படி யாரும் இல்லீங்க. நாளைக்கே கிளம்பச் சொன்னாலும் வந்துருவேன்" என்றான்.

வேலை வேண்டும் என்பதற்காக எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அது எனக்குப் புரியாமல் இல்லை. எதிரே ஒரு திரையில் மேட்டுப் பம்ப்பின் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது, அதைக் குறைத்தேன். பிறகு வீட்டு லைனையும் அறுந்துபோகிற அளவுக்குக் குறைத்தேன். இரண்டையும் ஒரே மாதிரிதான் செய்தேன், பதற்றம் எதுவும் இல்லை.

சாயங்காலம் அவன் சோபாவில் குப்புறப் படுத்துக் கிடந்தான். லைன் போய்விட்டது, அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை என்றான். நான் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தேன். என் கணவர் கம்பத்தில் இடித்த ஒரு ரிடையர்டு நீதிபதியைப் பற்றிச் சொல்லி அவனைச் சிரிக்க வைத்தார். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அன்றைக்கு வீடு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா.

அதற்குப் பிறகு லைனைத் துண்டிக்கவே இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். லைன் அடிக்கடி போனால் அவன் வேறு கம்பெனி இணைப்பு வாங்கிவிடுவான். எனவே வேகத்தைத்தான் குறைத்தேன். அதுவும் வெளியே போகிற பக்கம் மட்டும். எதிரில் இருப்பவர்கள் பேசுவது அவனுக்குத் தெளிவாகக் கேட்கும். அவன் பேசுவதில்தான் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு வழியில் உதிர்ந்துபோகும். 'நான் வரைந்த படிக்கட்டு' என்று அவன் சொன்னால் அவர்களுக்கு 'நான் வ... படி... ட்டு' என்று போய்ச் சேரும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தூரத்தில் இருக்கிற ரவுட்டரில் ஒரு மாற்றம் செய்கிறபோது, கொஞ்ச நேரத்தில் அது தானாகவே பழையபடி மாறிவிடுமாறு முதலில் ஏற்பாடு செய்துவிட வேண்டும். அவசரத்தில் கதவைச் சாத்தி நம்மையே நாம் வெளியே பூட்டிக்கொண்டால், அசட்டுச் சிரிப்போடு வண்டி எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டாம் பாருங்கள். இதைச் செய்யாமல் கையைச் சுட்டுக்கொள்ளாத ஆள் எங்கள் துறையிலேயே கிடையாது. தம்பி விஷயத்திலும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இன்டர்வியூ முடிந்ததும் அவன் சந்தேகப்பட்டு லைனைச் சோதித்துப் பார்ப்பான். பளிங்கு மாதிரி இருக்கும்.

லைன் நன்றாக இருக்கிறது. எதிராளி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "மன்னிக்கணும், இன்னொரு தடவை சொல்லுங்க" என்கிறான். அப்படியானால் கோளாறு எங்கே இருக்க முடியும்?

"அக்கா, நான் பேசறது தெளிவா இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டான்.

"எனக்கு நல்லாத்தானே இருக்கு. வெளியாளுங்களுக்கு உன் பேச்சு பழக்கமில்ல, அதான்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவன் நிறுத்தி நிறுத்திப் பேசிப் பார்த்தான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு இடைவெளி. முதலில் இன்டர்வியூவில் மட்டும். பிறகு போனில். பிறகு சாப்பாட்டு மேஜையில். "உப்பை... கொஞ்சம்... தள்ளுக்கா" என்பான். என் கணவர் வேடிக்கையாக, "மாப்ளே, கியர் மாத்தி மாத்தி ஓட்டாத, ஒரே கியர்ல வா" என்பார். தம்பி சிரிப்பான். வார்த்தைகள் குறைந்ததில் அவனிடம் ஒரு நிதானம் வந்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டர் ஒருவரை அவனே கண்டுபிடித்தான். அதுவும் வீடியோவில்தான். எனக்கு ஒரு சங்கடம். அவரிடம் மட்டும் லைன் நன்றாக இருந்தால், உனக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிடுவார். இன்டர்வியூவில் ஒன்று, டாக்டரிடம் ஒன்று என்று இருந்தால் பையன் குழம்பிப்போவான். அவனைக் குழப்புவதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே அவரிடமும் குறைத்தேன். நல்ல டாக்டர், அக்கறையானவர். இவ்வளவு கடுமையான திக்கலைத் தான் பார்த்ததில்லை என்று வருத்தப்பட்டார். தினமும் கண்ணாடி முன்னால் நின்று வாசிக்கச் சொன்னார். மாடியிலிருந்து அவன் வாசிக்கும் சத்தம் கீழே கேட்கும். காய் நறுக்கிக்கொண்டே நானும் கூடவே மெதுவாகச் சொல்வேன்.

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

ஒரு பெண் இருந்தாள். அவனோடு படித்தவள், கட்டடப் பொறியாளர், வேறு ஊரில் வேலை. கெட்டிக்காரி. அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பகலில் சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். அவளிடம் பேசும்போது மட்டும் அவனுக்கு இடைவெளி விழாது. கடகடவென்று பேசுவான். அதைக் கேட்டு நானே சந்தோஷப்பட்டிருக்கிறேன். நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரி இல்லை. பல மாதம் அந்த லைனைத் தொடவே இல்லை.

ஒரு நாள் அவள், "நேராவே கேக்கறேன். நீ இங்க வந்துர்றியா, இல்லையா? உங்க அக்காவைக் கேக்காம பதில் சொல்லு" என்றாள்.

அக்காவைக் கேட்காமல் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அங்கேதானே இருக்கிறேன்.

"வர்றேன்" என்றான் தம்பி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வர்றேன், வர்றேன்" என்று மூன்று தடவை சொன்னான். ஒன்றுகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் திரையில் அவன் முகம் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றிருக்கும். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "சரி, புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. தன்மானம் உள்ள பெண். அது எனக்குப் பிடித்த குணம்.

அதற்குப் பிறகு பல வாரம் அவன் ஒன்றும் வரையவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவனை இழுத்துக்கொண்டு நடக்கப் போவேன்.

என் கணவருக்கு எதுவும் தெரியாது. அவரைத் தயவுசெய்து கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். ஒரு நாள் அவருடைய காரைப் பற்றிப் பேச்சு வந்தது. கற்றுக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

"நீங்க மிதிச்சு நிறுத்தறதுக்காக யாராச்சும் உங்களைத் திட்டியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குத் திட்டணும்? நான் மிதிச்சா மிதிச்சேன்னு ஓட்டறவனுக்குத் தெரியும்மா. பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."

அன்றைக்கு அந்த பதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கார் வேறு, வீடு வேறு. காரில் இருப்பவன் அந்நியன்.

இப்போது கம்பெனியின் புது ஏற்பாட்டுக்கு வருகிறேன். பழைய சுரங்கப்பாதையை மூடப் போகிறோம் என்று முடிவானது. எல்லாக் கருவிகளையும் புது முறைக்கு மாற்ற வேண்டும். எங்கள் வீட்டு ரவுட்டரை என்ன செய்வது? அதை மாற்றாமல் பழைய வழியிலேயே சத்தமில்லாமல் விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நினைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் பூட்டிவிட்டு ஒரு மூலையில் பழைய சுரங்கத்தைத் திறந்து வைத்தால், எவனாவது ஒருவன் அதன் வழியே நுழைந்து பம்ப்பை நிறுத்துவான். ஊரே குடிக்கிற தண்ணீர். என் சொந்த வசதிக்காக ஊரை ஆபத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. முறைப்படி பதிவு செய்தேன். கருவியின் பெயர் 'மாடி'. பொறுப்பாளர் நான்.

புது முறையில் இன்னொருவர் 'சரி' அமுக்க வேண்டும் என்றேன் அல்லவா. எங்கள் பிரிவில் அந்த இன்னொருவர், ஓய்வு பெறப்போகிற சீனியர் ஒருவர். அவரை நாங்கள் 'ஓகே சார்' என்போம். எது கேட்டாலும் ஓகே. போன் அதிர்ந்தால் எடுப்பார், அமுக்குவார், சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எனக்கு அதில் வருத்தம்தான். படித்துப் பார்த்து அமுக்க வேண்டும் என்று அவருக்கு இரண்டு தடவை வகுப்பே எடுத்தேன். "ஓகேம்மா" என்றார். 'மாடி'க்கு நான் அனுமதி கேட்டபோதெல்லாம் அவர்தான் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'பராமரிப்பு' என்று போடுவேன். அது பொய்யில்லை.

போன வாரம் ஓகே சார் கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டார். அவருக்குப் பதிலாக அமுக்குகிற பொறுப்பை மேலாளர், புது ஏற்பாட்டைச் சோதிக்க வெளியிலிருந்து வந்திருந்த தணிக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கொண்டையில் பென்சில் சொருகிய, எதையும் இரண்டு தடவை படிக்கிற அம்மா. அப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியதும் நான்தான்.

அன்றைக்குத் தம்பிக்குக் கடைசிச் சுற்று இன்டர்வியூ. கடல் தாண்டி ஒரு பெரிய நூலகம் கட்டுகிறார்கள். அதன் படிக்கட்டு முழுவதையும் வரைய ஆள் தேடினார்கள். முந்தைய சுற்றுகளை எழுத்தில் நடத்திவிட்டதால் எனக்கு அதில் இடமே கிடைக்கவில்லை. கடைசிச் சுற்று மட்டும் வீடியோ. இதுவும் போனால் இனிமேல் எதற்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை என்று காலையில் சொன்னான். "நிம்மதியா... இங்கயே... இருந்துர்றேன்க்கா" என்றான். நான் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு வேலைக்கு வந்தேன்.

அவன் பேச ஆரம்பித்ததும் அனுமதி கேட்டேன். இன்டர்காம் அடித்தது. தணிக்கை அம்மா.

"மேடம், 'மாடி'ங்கறது எந்தப் பம்ப்பு? மேப்ல காணோமே."

"பம்ப்பு இல்லம்மா. எங்க வீட்டு ரவுட்டர்."

"என்ன பராமரிப்பு?"

"வெளிய போற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கணும்."

"எதுக்குக் குறைக்கணும்?"

"தம்பி இன்டர்வியூல இருக்கான்."

உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் இன்டர்காமை வைத்துவிட்டு 'மறுப்பு' அமுக்கினார்கள். அலாரம் அடித்தது.

கண்ட்ரோல் அறையில் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன், தணிக்கை அம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்கள். நான் நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. இது முதல் தடவையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இப்போது உங்களிடம் சொன்னதை எல்லாம் அவர்களிடமும் சொன்னேன். டாக்டர் விஷயம் வந்தபோது அவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். முடித்ததும் நான் பெருமையோடு, "பாத்தீங்களா, நம்ம புது முறை எவ்வளவு நல்லா வேலை செய்யுது. பழைய வழியா இருந்திருந்தா நான் மாட்டியிருக்கவே மாட்டேன்" என்றேன்.

"உங்க தம்பிக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

"அவன் பாவம், மனசு கஷ்டப்படுவான்."

"இன்னிக்கே சொல்லணும். ஒண்ணு நீங்க சொல்லுங்க, இல்ல நான் சொல்றேன். அவர் தன்னைத் திக்குவாய்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு மேடம்."

நியாயமாகத்தான் பட்டது. சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்போதே என் போன் அடித்தது. தம்பி. தணிக்கை அம்மா கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டார்கள்.

"அக்கா." குரலில் மூச்சு வாங்கியது. "அக்கா, லைன்... கட்டாகவே இல்லக்கா. ஒரு தடவைகூட. நான் பேசினது... எல்லாமே... அவங்களுக்குப் புரிஞ்சுதாம்."

"அப்படியாடா."

"ஒருத்தர்கூட... இன்னொரு தடவை சொல்லுங்கன்னு... கேக்கலக்கா. வேலை குடுத்துட்டாங்க. அப்பவே... சொல்லிட்டாங்க. நூலகம் பூரா... என் படிதான்." அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "மாமாவுக்கு இன்னும் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல. நீதானேக்கா இத்தனை வருஷமா லைனைப் பாத்துக்கிட்ட."

தணிக்கை அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். சொல்லுங்கள் என்று உதட்டை அசைத்தார்கள். கண்கள் கலங்கியிருந்தன.

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் அவ்வளவு தூரத்தில், தெரியாத ஊரில், புது வீட்டில் தனியாக இருப்பது கண் முன்னால் வந்தது. அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அன்பில்தான் இழுத்தேன், வேறு எதிலும் இல்லை. மூன்று பேரும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு என்ன சொன்னேன் என்று தணிக்கை அம்மா உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

"ரொம்ப சந்தோஷம்டா தங்கம், ஆனா அங்க போய் ரவுட்டர் மட்டும் வாங்கிடாத, அக்கா இங்கேயே செட் பண்ணிக் குடுத்தனுப்பறேன்."